டத்தோவுக்குப் போட்ட நாற்காலிகள்

பேய் என்று ஒன்று இருந்திருந்தால் என் வீட்டுக்காரர் செத்த மறுநாள் காலையிலேயே வந்து டீ கேட்டிருப்பார். அந்த மனிதரால் என் கையால் ஒரு டீ குடிக்காமல் செருப்புகூட மாட்ட முடியாது. அவர் போய் எத்தனையோ வருஷமாகிவிட்டது, ஒரு நாளும் வரவில்லை, சமையலறையில் ஒரு டம்ளர்கூடத் தானாக நகரவில்லை, அதனால் பேயும் இல்லை பிசாசும் இல்லை என்று நான் அப்போதே முடிவு கட்டிவிட்டேன். இதை எதற்கு முதலிலேயே சொல்கிறேன் என்றால், இனிமேல் சொல்லப்போவதைக் கேட்டுவிட்டு, கிழவிக்குப் பொழுது போகவில்லை, கதை விடுகிறாள் என்று நீங்கள் நினைப்பீர்கள். தாராளமாக நினைத்துக்கொள்ளுங்கள். என் மகளும் அப்படித்தான் நினைக்கிறாள், அவளுக்குச் சோறு போட்டு வளர்த்தவளே நான், அவளே நம்பவில்லை, நீங்கள் எங்கே நம்பப் போகிறீர்கள்.

நான் பாயான் லெப்பாஸில் எலக்ட்ரானிக் ஃபேக்டரியில் வேலை பார்த்தவள். அந்தக் காலத்தில் நைட் ஷிஃப்ட்டில் ஒருத்தி, மைக்ராஸ்கோப்புக்குள் தலைவிரித்த பெண் தெரிகிறாள், ஹந்து, ஹந்து என்று கத்துவாள். ஹந்து என்றால் மலாயில் பேய். அவள் கத்தியதும் பக்கத்து மேசை, அடுத்த மேசை என்று வரிசையாக எல்லாரும் கத்துவார்கள், மேனேஜர் ஓடிப்போய் ஒரு மந்திரவாதியைக் கூட்டிக்கொண்டு வந்து மூலைக்கு மூலை தண்ணீர் தெளிப்பார். நான் மட்டும் என் லென்ஸைத் துடைத்துவிட்டு வேலையைப் பார்ப்பேன். எனக்குத் தெரிந்து அந்த ஃபேக்டரியில் இருந்த ஒரே பேய் எங்கள் சூப்பர்வைசர்தான். அவளும் பென்ஷன் வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

என் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்தவள்தான் மேரி. மற்றவர்கள் கத்தும்போது மேரி சேசுவைக் கூப்பிடுவாள், ஆனால் மெதுவாகத்தான் கூப்பிடுவாள், பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தொந்தரவாகிவிடக் கூடாதே என்று. அவ்வளவு சாது. நானும் அவளும் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தோம், ஒன்றாக ஓய்வு பெற்றோம், அதற்குப் பிறகு ஒன்றாக ஊர் சுற்ற ஆரம்பித்தோம். ஊர் சுற்றுவது என்றால் கோயில் குளம் இல்லை. மேடை. எங்கே மேடை போட்டாலும் நாங்கள் இருப்போம். தமிழ் நாடகம், கோயில் கச்சேரி, மலாய்க்காரர்களின் பாங்சாவான் நாடகம், வெள்ளைக்காரனின் பியானோ, சீனர்கள் தெருவில் போடும் ஆட்டம் பாட்டு, எதையும் விட மாட்டோம். நான் சுங்கை பாக்காப் பக்கம் ரப்பர் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நாலாவது வரைக்கும் போனவள், அதிலும் பாதி நாள் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு. எனக்குச் சீன பாஷையும் தெரியாது பியானோ பாஷையும் தெரியாது. தெரியாவிட்டால் என்ன, எந்தப் பாஷையில் அழுதாலும் மூக்கு சிவக்கத்தானே செய்யும்.

ஒரு தடவை பெரிய வாத்தியக் கச்சேரியில் பாட்டு முடிந்துவிட்டது என்று நினைத்து நான் கை தட்டிவிட்டேன். முடியவில்லையாம், நடுவில் சும்மா மூச்சு வாங்கினார்களாம். அரங்கமே திரும்பி என்னைப் பார்த்தது. மேரி என்ன செய்தாள் தெரியுமா, அவளும் சேர்ந்து தட்டினாள். நான் ஒருத்தி மட்டும் அசிங்கப்படக் கூடாதாம். மேரி யார் என்று உங்களுக்குப் புரிய இது ஒன்று போதும்.

என் மகள் கேட்பாள், வீட்டில் இவ்வளவு பெரிய டிவி இருக்கிறது, நீங்கள் ஏன் ஆயர் ஈத்தாமில் இருந்து பஸ் ஏறி அலைகிறீர்கள் என்று. டிவியில் இருக்கிறவன் என்னைப் பார்ப்பதில்லை, மேடையில் இருக்கிறவன் பார்ப்பான், அதுதான் வித்தியாசம் என்று சொன்னேன். அவளுக்குப் புரியவில்லை. புரியாவிட்டால் போகட்டும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மேரிக்குக் கண் போக ஆரம்பித்தது. முதலில் ஓரமெல்லாம் இருட்டாக இருக்கிறது என்றாள், அப்புறம் எல்லாமே மழை பெய்த கண்ணாடி வழியாகப் பார்க்கிற மாதிரி இருக்கிறது என்றாள். டாக்டர் பார்த்துவிட்டு, ஆப்பரேஷன் செய்கிறோம், ஆனால் இருப்பதைக் காப்பாற்ற முடியும் என்று உத்தரவாதம் கொடுக்க மாட்டோம் என்றார். ஆப்பரேஷனுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஜார்ஜ் டவுனில் ஒரு தமிழ் நாடகம். மாமியார் வீட்டை விட்டு வெளியேறும் ஒரு பெண்ணின் கதை என்று நோட்டீஸில் போட்டிருந்தார்கள். மேரி அதற்குப் போயே ஆகவேண்டும் என்றாள். இந்தக் கண்ணை வைத்துக்கொண்டு எதற்கு அலைகிறாய், சும்மா வீட்டில் இரு என்று நான் சொன்னதற்கு அவள், என்னைக் கோவிந்து என்றுதான் கூப்பிடுவாள், இப்படிச் சொன்னாள்.

"மொகத்தப் பாக்கணும் கோவிந்து. கொரலு இனிமே எப்ப வேணும்னாலும் கேட்டுக்கலாம். மொகம் அப்பிடி இல்லல்ல."

மேடைக்குக் கிட்டத்தில் உட்கார்ந்து, நடிக்கிறவர்கள் முகத்தில் விளக்கு விழுந்தால் அவளுக்கு இன்னமும் தெரியும். கொஞ்சம் தள்ளிப் போனால் எல்லாம் கலங்கல்தான். ஆக அன்றைக்கு எங்களுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான், முன்னால் ஒரே ஒரு நாற்காலி. எனக்குக்கூட வேண்டாம். அவளுக்கு.

அதற்காகக் கதவு திறப்பதற்கு முன்னாலேயே போய் வாசலில் நின்றோம். கடற்கரைப் பக்கம் இருக்கும் பழைய மண்டபம் அது. உள்ளே போனால், முதல் வரிசை முழுக்க வெள்ளைத் துணி போர்த்தி, பின்னால் தங்கநிற ரிப்பன் கட்டின நாற்காலிகள், கல்யாணப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கிற மாதிரி. ஒவ்வொரு நாற்காலி மேலும் ஒரு பலகாரப் பெட்டி, ஒரு தண்ணீர் பாட்டில். யாருக்கு? டத்தோவுக்கு. டத்தோ என்றால் பட்டம் வாங்கின பெரிய மனிதர், இந்த ஊரில் ஒரு நாடகம் நடக்க வேண்டுமென்றால் நடிகர்கள்கூட இல்லாமல் போகலாம், டத்தோ இல்லாமல் முடியாது. அவர் வந்து குத்துவிளக்கு ஏற்ற வேண்டும், அவருக்குப் பொன்னாடை போர்த்த வேண்டும், அவர் மைக்கைப் பிடித்து அவருடைய சின்ன வயசுக் கதையைச் சொல்ல வேண்டும், அதெல்லாம் முடிந்த பிறகு நேரம் மிச்சமிருந்தால் நாடகம்.

மேரியை இரண்டாவது வரிசையில் உட்கார வைத்தேன். நாடகம் போட்ட சங்கத்துச் செயலாளர் வந்தார். என் மகன் வயசு, பூப்போட்ட பாத்தேக் சட்டை, கையில் வாக்கி டாக்கி, பெயர் குணசீலன் என்று நெஞ்சில் குத்தியிருந்தது. குணமும் இல்லை, சீலமும் இல்லை. இது ஸ்பான்ஸர் வரிசை என்று எழுப்பினார். மூன்றாவது வரிசைக்குப் போனோம், அது கமிட்டி குடும்பங்களுக்காம். அதற்குப் பின்னால் போனால் அதிலும் ஒரு பேப்பரை ஒட்டி வைத்திருக்கிறார்கள். இப்படியே எழுப்பி எழுப்பி, டிக்கெட் வாங்கினவர்கள் நாங்கள் கடைசி வரிசையில் ஒரு தூணுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தோம். அங்கிருந்து எனக்கே பாதி மேடைதான் தெரிந்தது.

மேரி எழுந்து போய் அவரிடம் மெதுவாகக் கேட்டாள், முதல் வரிசையில் ஓரமாக உட்கார்ந்துகொள்கிறேன், டத்தோ ஆட்கள் வந்ததும் எழுந்து விடுகிறேன், எனக்கு அடுத்த வாரம் கண் ஆப்பரேஷன் என்று. அவர் சிரித்த முகத்தோடு, பாருங்கள், சிரித்த முகத்தோடு சொன்னார்.

"அதெல்லாம் புரோட்டோகால்மா. ஒரு சீட்டு கொறைஞ்சாலும் எனக்குத்தான் பிரச்சனை. பின்னாடியும் நல்லாத்தான் கேக்கும்."

மேரி, பரவாயில்லை தம்பி என்று அவருக்கே ஆறுதல் சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தாள். எனக்கு உச்சந்தலையில் சூடு ஏறியது. அப்போதும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருந்தேன், அவள் என் கையை அழுத்திப் பிடித்திருந்தாள்.

மூன்று மணி நாடகம். மூன்று ஆயிற்று, திரை எழும்பவில்லை. சிறப்பு விருந்தினர் வந்துகொண்டிருக்கிறார் என்று அறிவிப்பு. மறுபடியும் வந்துகொண்டிருக்கிறார். பாலத்தில் ஜாமாம். பக்கத்தில் ஒரு பிள்ளை அழ ஆரம்பித்துவிட்டது, கிழவர் ஒருத்தர் குறட்டை விட்டார். அப்புறம் இன்னொரு அறிவிப்பு, டத்தோவுக்கு அவசர வேலையாம், அவருடைய பிரதிநிதி வருகிறாராம். அப்புறம் அந்தப் பிரதிநிதியும் வந்துகொண்டிருக்கிறார். எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அம்மா சொன்னார், சாயங்காலம் மண்டபத்தை வேறு யாருக்கோ விட்டிருக்கிறார்களாம், அதனால் நாடகத்தில் முதல் இரண்டு காட்சியை வெட்டப் போகிறார்களாம். டத்தோவுக்காகக் காத்திருந்த நேரத்தை யார் தலையில் கட்டுகிறார்கள் பாருங்கள். அந்த வெள்ளை நாற்காலிகள் மட்டும் ஈ காக்காய் இல்லாமல் அப்படியே ரிப்பனோடு நிற்கின்றன.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். அது சீனர்களுக்குப் பேய் மாதம். அந்த மாதத்தில் அவர்கள் தெருவில் மேடை போட்டு ஆட்டமும் பாட்டுமாக நடத்துவார்கள், அது நமக்காக இல்லை, செத்துப்போனவர்களுக்கு. அதனால் முன் வரிசை நாற்காலிகளைக் காலியாக விட்டுவிடுவார்கள், அதில் உயிரோடு இருக்கிறவர்கள் யாரும் உட்காரக் கூடாது. நானும் மேரியும் வருஷா வருஷம் போய் இரண்டாவது வரிசையில் மரியாதையாக உட்கார்ந்து பார்ப்போம். ஒரு தடவை ஒரு வெள்ளைக்காரப் பையன் தெரியாமல் போய் முன்னால் உட்கார்ந்துவிட்டான், ஒரு சீனக் கிழவி அவனைக் காதைப் பிடித்து இழுக்காத குறையாக எழுப்பினாள். இந்த நாடகத்துக்கு முந்தின நாள்கூட நாங்கள் ஒரு சீன ஆட்டத்துக்குப் போய்விட்டுத்தான் வந்தோம்.

அது மனதில் இருந்ததால்தான் எனக்கு அப்படி ஒரு வார்த்தை வந்தது. மேரியின் கையை உதறிவிட்டு எழுந்து நின்றேன். மண்டபம் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னேன்.

"சீனவங்க பேய்க்கு எடம் விடுறாங்க, நீங்க டத்தோவுக்கு விடுறீங்க. பேயாச்சும் நேரத்துக்கு வந்துரும்லா. இந்தாங்க, செத்துப்போனவங்க யாரு இருந்தாலும் சரி, தமிழரோ சீனரோ யாரோ, டத்தோ எடம் சும்மாத்தான் கெடக்கு. நான் கூப்புடுறேன், வாங்க, வந்து உக்காந்து பாருங்க."

ஜனங்கள் சிரித்தார்கள், இரண்டு பேர் கைகூடத் தட்டினார்கள். எனக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது, ஒளிக்கவில்லை. சிரிக்காமல் இருந்தது ஒரே ஒரு ஆள்தான். அந்த மண்டபத்தைக் கூட்டிப் பெருக்குகிற சீனக் கிழவர், பக்கவாட்டுக் கதவுக்கிட்டே துடைப்பத்தோடு நின்றவர், என்னைப் பார்த்து ஜாங்ஙான், ஜாங்ஙான் என்று தலையை ஆட்டினார். வேண்டாம் என்று மலாயில் சொல்கிறார். சொல்லிவிட்டுத் துடைப்பத்தை அங்கேயே போட்டுவிட்டு வெளியே போய்விட்டார். போகிற போக்கில் கதவைச் சாத்தாமல் விரியத் திறந்து வைத்துவிட்டுப் போனார், யாருக்கோ வழி விடுகிற மாதிரி.

அப்புறம் நடந்ததுதான். நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். குணசீலன் முன் வரிசையைத் திரும்பிப் பார்த்தார். முகமெல்லாம் மலர்ந்தது. இடுப்பை வளைத்து ஒரு கும்பிடு போட்டார், அந்தக் காலி நாற்காலிகளுக்கு. இந்தக் கோடியில் இருந்து அந்தக் கோடி வரைக்கும் கும்பிட்டுக்கொண்டே போனார். அப்புறம் வாக்கி டாக்கியில், வந்துட்டாங்க, ஸ்டார்ட் பண்ணலாம் என்றார். சரி, என் பேச்சில் ரோஷம் வந்து ஆள் கிறுக்காகிவிட்டது, நடிக்கிறான் என்றுதான் நான் நினைத்தேன். விளக்கு அணைந்தது.

"எல்லாரும் வந்து உக்காந்துட்டாங்களே" என்றாள் மேரி.

யார் வந்தது என்று கேட்டேன். முன் வரிசை நிறைந்துவிட்டதாம். என் முகம் பக்கத்தில் இருந்தும் அவளுக்குச் சரியாகத் தெரியாது, அன்றைக்குக் காலையில்தான் பஸ் நம்பரை நான் படித்துச் சொன்னேன், அவள் அந்த இருட்டில், கடைசி வரிசையில் இருந்து முதல் வரிசையைப் பார்க்கிறாளாம். நான் தூணைச் சுற்றித் தலையை நீட்டிப் பார்த்தேன். வெள்ளை நாற்காலி, ரிப்பன், பலகாரப் பெட்டி. வேறு ஒன்றும் இல்லை.

"ஒரு அம்மா கைய ஆட்டி என்னக் கூப்புடுறாங்க கோவிந்து. எடம் இருக்காம்."

சொல்லிவிட்டு எழுந்தாள். நான் அவள் சேலைத் தலைப்பைப் பிடித்தேன், நழுவிவிட்டது. என் தோளைப் பிடித்துக்கொண்டு மண்டபத்துக்குள் வந்தவள், அந்தச் சாய்வான நடைபாதையில் தனியாக, எங்கேயும் தட்டாமல், வேகமாக இறங்கிப் போனாள். முதல் வரிசைக்குப் போனதும் பக்கவாட்டில் திரும்பிக்கொண்டாள். உட்கார்ந்திருக்கிறவர்களின் கால் முட்டிகளைத் தாண்டிப் போகும்போது நாம் எப்படி உடம்பை ஒடுக்கிக்கொண்டு, குனிந்து, மன்னிப்புக் கேட்டுக்கொண்டே போவோம், அதே மாதிரி போனாள். காலி நாற்காலிகளுக்கு முன்னால். ஒரு இடத்தில் யார் காலையோ மிதித்துவிட்டாள் போல, சட்டென்று நின்று குனிந்து தொட்டுக் கும்பிட்டாள். வரிசையின் நடுவில் போய் உட்கார்ந்தாள்.

எனக்குக் கை மயிரெல்லாம் நின்றது. ஓடிப்போய் அவளை இழுத்துக்கொண்டு வந்திருக்க வேண்டும் என்று நீங்கள் சொல்வீர்கள். கால் வரவில்லை. பயத்தில் என்று நினைக்காதீர்கள், பாதி பயம், மீதி என்ன தெரியுமா, கோபம். தொண்டை கிழியக் கூப்பிட்டவள் நான். வந்தவர்கள் அவளைக் கூப்பிடுகிறார்கள், என்னைத் தூணுக்குப் பின்னால் விட்டுவிட்டார்கள். பேய்க்கும் புரோட்டோகால் இருக்கும் போல.

நாடகம் நடந்தது. ஒரு காட்சியும் வெட்டவில்லை, முழுக்க நடந்தது என்று அப்புறம் சொன்னார்கள். என்ன நடந்தது என்று கேட்டால் எனக்குத் தெரியாது, நான் மேடையையே பார்க்கவில்லை. முதல் வரிசையில் இருந்த அந்த ஒரே ஒரு தலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மேடை வெளிச்சத்தில் மேரியின் வெள்ளை முடி தெரிந்தது. அவள் இந்தப் பக்கம் சாய்ந்து ஏதோ சொன்னாள், அந்தப் பக்கம் சாய்ந்து ஏதோ கேட்டாள். சிரித்தாள். ஒரு இடத்தில் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்தத் தலைப்பின் இன்னொரு முனையைப் பக்கத்து நாற்காலிப் பக்கம் நீட்டினாள், அவர்களும் துடைத்துக்கொள்ளட்டும் என்று. சங்கத்து ஆட்கள் இரண்டு மூன்று தடவை அந்தப் பக்கம் போனார்கள், யாரும் அவளை எழுப்பவில்லை.

திரை விழுந்து விளக்குப் போட்டார்கள். நான் கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னால் ஓடினேன். மேரி மடியில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குணசீலன் கை நிறையப் பொன்னாடைகளை வைத்துக்கொண்டு அந்த வரிசைக்கு முன்னால் திருதிருவென்று முழித்துக்கொண்டு நின்றார்.

"ஆன்ட்டி, டத்தோ ஆளுங்க எந்தப் பக்கம் போனாங்க, பாத்தீங்களா?"

யாரும் வரவில்லையே தம்பி என்றேன். என்ன ஆன்ட்டி வெளையாடுறீங்க, ஒரு சீட்டுகூடக் காலி இல்லை, இந்தப் பாட்டியும் அவர்களோடு வந்தவர் என்று தெரியாமல் பின்னால் அனுப்பிவிட்டேன், தப்பாக நினைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள் என்றார். சரி, அந்தப் பொன்னாடையை எனக்காவது போர்த்து, நானும் தூணுக்குப் பின்னால் நிறையச் சேவை செய்திருக்கிறேன் என்று கழுத்தை நீட்டினேன். போர்த்தவில்லை. எரிச்சலோடு வாசலைப் பார்த்து ஓடினார்.

பலகாரப் பெட்டிகள் எல்லாம் நாற்காலியில் அப்படியே இருந்தன. மேரி ஒவ்வொன்றாக உட்கார்ந்தவர் மடியில் இருந்து எடுப்பது போல எடுத்து ஓரமாக வைத்துவிட்டுத்தான் எழுந்தாள். அவர்கள் வேண்டாம் என்றால் எனக்கு என்ன, இரண்டு பெட்டியை எடுத்து என் பையில் போட்டுக்கொண்டேன்.

நாடகம் முடிந்தால் பக்கவாட்டுக் கதவில் நின்று நடிகர்களைப் பார்த்து இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு வருவது எங்கள் வழக்கம். அந்தப் பெண்ணாக நடித்த பிள்ளை முகத்தில் பாதி பவுடரோடு வெளியே வந்தது. மேரி அதன் கையைப் பிடித்து, நீ வீட்டை விட்டுப் போகிற காட்சியில் இடது காதில் தோடு இல்லையே கண்ணு, தொலைத்துவிட்டாயா என்று கேட்டாள். பிள்ளை காதைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தது. உடை மாற்றும்போது தோடு எங்கேயோ விழுந்துவிட்டதாம், முடியை இழுத்து மறைத்துக்கொண்டதாம், கூட நடித்தவர்களுக்கே தெரியாதாம். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டது.

"பாட்டி, ஒங்க கூட ஒக்காந்திருந்தாங்களே, அவங்கள்லாம் யாரு? கடைசில எல்லாரும் கைதட்டுனாங்க. எனக்கு ஒரு சத்தமும் கேக்கல."

மேரி அதன் கன்னத்தைத் தடவிக்கொடுத்தாள்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது பெட்டியைத் திறந்தேன். கறிபஃப், முறுக்கு, ஒரு துண்டு கேசரி. கறிபஃப்பைக் கடித்தால் உப்பு இல்லை, உறைப்பு இல்லை, ஒன்றுமே இல்லை, நனைந்த அட்டையைத் தின்கிற மாதிரி. கேசரியில் சர்க்கரை இல்லை. சீனர்கள் சொல்வார்கள், செத்தவர்களுக்குப் படைத்ததை அவர்கள் சாப்பிட்டுவிட்டால் பண்டம் இருக்கும், ருசி இருக்காது என்று. நான் அதை நம்பவில்லை, சங்கத்துக்காரன் மலிவாக எங்கேயோ வாங்கியிருப்பான் என்று மேரிக்கு ஒன்றை நீட்டினேன். வேண்டாம் என்றாள். அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டாளாம், கறிபஃப்பில் உருளைக்கிழங்கு நல்ல காரமாம். பெட்டியைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டேன். ஏதோ ஒரு பூனை வந்து முகர்ந்து பார்த்துவிட்டு அதுவும் போய்விட்டது.

ஆப்பரேஷன் நடந்தது, பலன் இல்லை. இப்போது மேரிக்குச் சுத்தமாகத் தெரியாது. ஜன்னல் எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூடச் சொல்ல மாட்டாள். அதைப் பற்றி அவள் அழவில்லை, நான்தான் யாரைத் திட்டுவது என்று தெரியாமல் டாக்டரைத் திட்டினேன், டத்தோவைத் திட்டினேன், குணசீலனின் ஏழு தலைமுறையையும் திட்டினேன். என் மகள் சொன்னாள், கண் தெரியாதவரை இனிமேல் நாடகத்துக்கும் கச்சேரிக்கும் இழுத்துக்கொண்டு அலையாதீர்கள் என்று. அலைகிறோம். விடவில்லை. மேரியே போகலாம் போகலாம் என்கிறாள்.

நான் சொல்ல வந்தது இதுதான். தெருவில் அவளுக்கு என் கை வேண்டும். சாக்கடைப் பலகை, படி, மோட்டார் சைக்கிள் எல்லாவற்றையும் நான்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். மண்டபத்துக்குள் விளக்கு அணைந்ததும் அப்படி இல்லை. அவள்தான் என் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போவாள். காலி நாற்காலியைக் காட்டி, இதில் ஆள் இருக்கிறது என்பாள். அடுத்ததிலும் ஆள் இருக்கிறது என்பாள். உடம்பை ஒடுக்கிக்கொண்டு, காலை மிதிக்காதே கோவிந்து என்று எனக்குச் சொல்லுவாள். நானும் ஒன்றுமில்லாத இடத்தில் காலைத் தூக்கித் தூக்கி வைத்துப் போகிறேன். பார்க்கிறவர்கள் யாரைக் குருடி என்று நினைப்பார்களோ தெரியவில்லை. நாடகம் நடக்கும்போது மேடையில் இருக்கிற முகங்களை எனக்கு ஒவ்வொன்றாகச் சொல்லுவாள். தப்பே இருக்காது.

போன மாதம் ஒரு வயலின் கச்சேரி. பேய் மாதமும் இல்லை, ஒன்றும் இல்லை. நான் யாரையும் கூப்பிடவும் இல்லை. விளக்கு அணைந்தது. மேரி முன்னால் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் எதையோ காது கொடுத்துக் கேட்டாள். அப்புறம் என் காதுக்கிட்டே வந்தாள்.

"முன்னாடி ஒரு எடம் விட்டு வெச்சிருக்காங்க. கூப்புட்டவங்களுக்காம். இன்னும் வரலையேன்னு கேக்குறாங்க."

எனக்கு வந்த ஆத்திரத்தில் வயலின் காதில் ஏறவில்லை. யார் இவர்கள், எனக்கு இடம் பிடிக்க? நான் என்ன இவர்களுக்கு டத்தோவா? அன்றைக்கு ஒரே ஒரு நாற்காலிக்காகக் கெஞ்சினோம், சங்கத்துக்காரன் தரவில்லை, இப்போது யாரும் கேட்காமல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்களாம். நான் டிக்கெட் வாங்கின இடத்தில்தான் உட்காருவேன், எவன் வைத்த இடத்திலும் உட்கார மாட்டேன், அப்படியே போய்ச் சொல்லு என்றேன்.

மேரி சொன்னாள். உதடு அசைந்ததைப் பார்த்தேன், சத்தம் வரவில்லை. சொல்லிவிட்டுத் தலையைச் சாய்த்து, அவர்கள் சொன்னதை முழுக்கக் கேட்டாள். அப்புறம் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்து, மெதுவாகத் தட்டிக்கொடுத்தாள், ஆஸ்பத்திரியில் நாம் நோயாளியைத் தட்டிக்கொடுப்போமே, அப்படி.

என்ன சொன்னார்கள் என்று அன்றைக்கே கேட்டேன், பஸ்ஸில் கேட்டேன், நேற்றுப் போனிலும் கேட்டேன். ஒன்றும் இல்லை கோவிந்து என்கிறாள். இதற்கு முன்னால் அவள் எனக்குப் பொய் சொல்லி நான் பார்த்ததே இல்லை.